மைதானத்துக்கு முதுகு காட்டிய வர்ணனையாளர்

ஜெபக்கனிக்கு முப்பத்தாறு வயது. அவளிடம் ஹாக்கி வர்ணனை கற்றுக்கொள்ள வந்த தில்லைநாயகிக்கு நாற்பத்தொன்று. குருவைவிடச் சீடருக்கு ஐந்து வயது கூடுதல் என்பதால் மரியாதை இரண்டு பக்கமும் ஓடியது. தில்லைநாயகி "மேடம்" என்பாள், ஜெபக்கனி "அக்கா" என்பாள்.

கரிசல் நாட்டில் அவர்கள் ஊர் ஹாக்கிக்குப் பேர்போனது. கோடைப் போட்டியில் மைக்கில் சொல்வது மைதானத்து ஒலிபெருக்கியிலும் ஊர் வானொலியிலும் ஒரே நேரத்தில் கேட்கும். ஊரில் பாதிப் பேர் வேலையை விட்டு வர முடியாதவர்கள். அவர்கள் காதால்தான் ஆட்டம் பார்ப்பார்கள்.

ஜெபக்கனி பத்தொன்பது வயதில் அந்த வர்ணனை மேடை ஏறினாள். முதல் நாலு வருடம் நன்கொடை கொடுத்தவர்கள் பெயரையும் தொலைந்துபோன வண்டிச் சாவிகளையும் அறிவித்தாள். வர்ணனை சொல்கிற ஆண்கள் டீ குடிக்கப் போனால் இரண்டு நிமிடம் ஆட்டம் சொல்லக் கிடைக்கும். அவர்கள் நிறைய டீ குடிப்பவர்களாக இருந்தது அவள் அதிர்ஷ்டம்.

இப்போது சென்னையில் ஒரு பெரிய போட்டிக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். மறுநாள் காலை ரயில். அன்று மாலை ஊர் இறுதிப் போட்டிக்கு வர்ணனை நாற்காலி காலி.

"தில்லை டீச்சர் சொல்லட்டும்" என்றாள் ஜெபக்கனி.

கமிட்டிச் செயலாளர் சீனிராஜ் இழுத்தார். ஜெபக்கனி ஒருத்தி என்றால் விதிவிலக்கு. இன்னொருத்தியும் வந்தால் அது வழக்கமாகிவிடுமே என்று அவருக்குக் கவலை.

"டீச்சர், இன்னிக்கு செமி ஃபைனல் நீங்க சொல்லுங்க. எல்லாருக்கும் பிடிச்சிருந்தா ஃபைனலும் உங்களுக்குத்தான். ஒரு புகார் வந்தாலும் மதுரையில இருந்து ஆள் வந்துருவாரு. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

சொல்லிவிட்டுக் கீழே முதல் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

தில்லைநாயகி பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. இருநூறு பிள்ளைகளை ஒரு விசிலில் நிறுத்துகிறவள். அன்றைக்கு மைக்கை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள்.

"பொம்பளைக் குரல் எடுபடாதுங்காங்க. நான் உங்ககிட்ட கத்துக்க வந்த ஆறு வருஷமா இதே பேச்சு. நீங்க இதை எப்படி சமாளிச்சீங்க மேடம்?"

ஜெபக்கனி தன் நாற்காலியைத் தூக்கித் திருப்பிப் போட்டு, மைதானத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். மடியில் ஒரு வெள்ளைத்தாளை வைத்து, அதில் மைதானத்தின் கோடுகளைப் போட்டாள். பென்சில் முனையை நடுக்கோட்டில் நிறுத்தினாள்.

"சொல்லுங்க அக்கா. நீங்க சொல்லுததைக் கேட்டே பந்து போற வழியை நான் வரையுதேன்."

விசில் ஒலித்தது. மில் அணிக்கும் கல்லூரி அணிக்கும் ஆட்டம். தில்லைநாயகி தொண்டையைக் கனைத்து, குரலைக் கொஞ்சம் தடிமனாக்கிக்கொண்டு தொடங்கினாள். நன்றாகத்தான் சொன்னாள். அப்படித்தான் அவள் நினைத்தாள்.

இடைவேளையில் ஆளுக்கு இரண்டு கோல். ஜெபக்கனி தாளை நீட்டினாள். கோடு ஆறு இடத்தில் அறுந்து கிடந்தது.

"இங்க பந்து யாருகிட்ட இருந்துச்சு?"

"அங்க தொண்டை கட்டிருச்சு. குரலை இறக்கிப் பேசினேன்லா."

"இங்க?"

தில்லைநாயகி யோசித்தாள். "சீனிராஜ் சார் பக்கத்து ஆள்கிட்ட ஏதோ சொன்னாரு. நம்மளைத்தானோன்னு பாத்தேன்."

"இங்க?"

"அப்பவும் அவரைத்தான் பாத்தேன்."

மிச்சம் மூன்று இடங்களைப் பற்றி ஜெபக்கனி கேட்கவில்லை. தாளைத் திருப்பி, மறுபக்கத்திலும் ஒரு மைதானத்தைப் போட்டாள்.

தில்லைநாயகிக்கு அவமானமாக இருந்தது. பிறகு கோபம் வந்தது, அதுவும் தன் மேல்தான். ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். புடவை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மைக்கை வாய்க்குப் பக்கத்தில் வைத்தாள்.

இந்த முறை சொந்தக் குரலில் பேசினாள். கீழே யார் இருக்கிறார்கள், யார் எழுந்து போகிறார்கள் என்று பார்க்கவே இல்லை. பந்து இடது ஓரம் போனால் அவளும் இடது ஓரம் போனாள். ஜெபக்கனியின் பென்சில் நிற்காமல் ஓடியது. பாதியில் முனை உடைந்து, வேறு பென்சில் எடுக்க வேண்டியிருந்தது.

கடைசி நிமிடம்.

"பந்து இடது ஓரத்துல, ஏழாம் நம்பர். ஒரு ஆளைத் தாண்டியாச்சு, ரெண்டு ஆளைத் தாண்டியாச்சு. கோல்கீப்பர் முன்னால ஓடி வாராரு. அடிச்சாச்சு! கம்பம்! கம்பத்துல பட்டு உள்ள! கல்லூரி மூணு, மில் ரெண்டு!"

ஆட்டம் முடிந்து, கைதட்டல் அடங்கி, தில்லைநாயகி வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தாள். சீனிராஜ் போனைக் கையில் வைத்துக்கொண்டு மேடை ஏறி வந்தார்.

"புகார் வந்துட்டு டீச்சர்."

"யாரு?"

"தீப்பெட்டி ஆபீஸ் மாரிமுத்து. கொதிச்சுப் போய்ப் பேசுதாரு. என்னா மாதிரி மேட்ச், ஏழாம் நம்பர் பையன் ரெண்டு பேரைத் தாண்டி, கம்பத்துல பட்டு உள்ள போச்சே, இப்பேர்ப்பட்ட மேட்சைப் போயி ஒரு பொம்பளை கையில கொடுத்துட்டீங்களேங்காரு."

தில்லைநாயகியின் முகம் விழுந்துவிட்டது. ஜெபக்கனியைப் பார்த்தாள்.

"உங்களுக்கு இந்த மாதிரிப் போன் வர்றது எந்த வருஷத்துல நின்னுச்சு மேடம்?"

"நிக்கலை அக்கா. முந்தாநாள்கூட வந்துச்சு."

பிறகு ஜெபக்கனி செயலாளரிடம் கேட்டாள். "மாரிமுத்து அண்ணாச்சி எங்க உக்காந்து பாத்தாராம் சார்?"

"அவர் எங்க வந்தாரு? ஆபீஸ்ல லோடு ஏத்திக்கிட்டு ரேடியோவுலதான் கேட்டாரு."

"அப்போ கம்பத்துல பட்டு உள்ள போன பந்தை அவருக்கு யார் காட்டினது?"

சீனிராஜ் போனைப் பார்த்தார், மைக்கைப் பார்த்தார். தில்லைநாயகி எழுந்து, அவர் சட்டைப் பையிலிருந்த இறுதிப் போட்டி ஆட்டக்காரர் பட்டியலுக்காகக் கையை நீட்டினாள். "குடுங்க சார். நம்பரை எல்லாம் மனப்பாடம் பண்ணணும்."

அவர் எடுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"மாரிமுத்து திரும்பக் கூப்பிட்டா நான் என்ன பதில் சொல்ல?"

ஜெபக்கனி நாற்காலியை மைதானத்தைப் பார்க்கத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னாள்:

"நாளைக்கு மேட்ச் நாலு மணிக்குன்னு சொல்லுங்க."