புகழில் இறக்கிய அத்தர்

கூவள நாட்டு மன்னர் திருமேனிராயருக்குப் புகழ்ச்சி என்றால் உயிர். அதற்கு அடுத்தபடி, மீரான் ராவுத்தர் காய்ச்சித் தரும் மல்லிகை அத்தர்.

ஒருநாள் சபையில் ஆஸ்தானப் புலவர் வாகீசர் பாடிக்கொண்டிருந்தார். மன்னரோ மணிக்கட்டில் தடவிய அத்தரை முகர்ந்துகொண்டே, “ஆகா, ராவுத்தரே!” என்றார். புலவருக்கு வயிறு எரிந்தது.

“மன்னா, போயும் போயும் மல்லிகையா? தங்கள் புகழே எட்டுத் திக்கும் மணக்கிறதே! அதிலிருந்து அத்தர் இறக்கச் சொல்லுங்கள்!”

மன்னர் பூரித்துப்போனார். “ராவுத்தரே, பௌர்ணமிக்குள் என் புகழ் அத்தர் வர வேண்டும். இல்லையென்றால் நீர் நாட்டைவிட்டே போய்விட வேண்டும்!”

ராவுத்தர் மன்னரின் விகடகவி மருதையனிடம் ஓடினார். “ஐயா, பூ இருந்தால் காய்ச்சலாம். புகழை எங்கே போய்ப் பறிப்பேன்?”

“அத்தர் காய்ச்சும் கொப்பரையை மட்டும் சபைக்குக் கொண்டுவாரும். பறிப்பது என் வேலை.”

பௌர்ணமியன்று சபை நடுவே பெரிய செப்புக் கொப்பரை நின்றது. அடியில் விறகு. பக்கத்தில் ஆவி இறங்கும் மூங்கில் குழாய்.

மருதையன் கேட்டான்: “மல்லிகை மணம் மல்லிகையில் இருக்கிறது. மன்னர் புகழ் எங்கே இருக்கிறது?”

வாகீசர் நெஞ்சை நிமிர்த்தினார். “வேறெங்கே? என் நாவில்தான்!”

“அப்படியானால் ஏறுங்கள், புலவரே.”

“எங்கே?”

“கொப்பரைக்குள். நாவை மட்டும் கிள்ளினால் வாடிவிடும். முழுசாகத்தான் போட வேண்டும்.”

மன்னர் ஆவலோடு, “ஏறும், ஏறும்!” என்றார். காவலர் இருவர் புலவரைத் தூக்கினார்கள்.

“ஐயோ மன்னா! என் நாவில் புகழும் இல்லை, மணமும் இல்லை! போரே நடக்காத நாட்டில் உங்களுக்கு வெற்றிப் பரணி பாடினேன். வறண்ட ஏரியைப் பாற்கடல் என்றேன். அத்தனையும் பொய்!”

மன்னர் முகம் சிவந்தது.

“மருதையா! என் அத்தர் எங்கே?”

“அடுப்பே பற்றவைக்கவில்லை மன்னா, அதற்குள் புகழின் சத்து முழுவதும் இறங்கிவிட்டது!”

மன்னரின் மீசை துடித்தது. பிறகு தொப்பை குலுங்கியது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ராவுத்தருக்குப் பட்டுச் சால்வை போர்த்தினார். மருதையனுக்குத் தன் மரகத மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார். நழுவப் பார்த்த வாகீசரைக் கூப்பிட்டார்.

“புலவரே, இனி மல்லிகையைப் பாடும். அதற்காவது மணம் இருக்கிறது!”