பல்லக்குக்குள் ஒரே தீவு

நாலு பக்கமும் கடல் சூழ்ந்த பெரிய தீவு ஒன்றை முன்பொரு காலத்தில் நெடுங்குடையான் என்ற ராசா ஆண்டு வந்தான். ஆண்டான் என்றுதான் பேர். தலைநகரைத் தாண்டிப் பார்த்ததில்லை. பல்லக்கு ஆடத் தொடங்கினால் போதும், தொட்டில் பிள்ளை மாதிரி தூங்கிப்போவான்.

ஒருநாள் மந்திரி மாறநம்பியைக் கூப்பிட்டு, "நம் தீவு எப்படி ஐயா இருக்கும்?" என்று கேட்டான்.

"இடத்துக்கு இடம் மாறும் மகாராசா. வடக்கே சுடுமணலும் பனையும். தெற்கே ஓயாத மழைக்காடு. நடுவில் குளிர்மலை."

மந்திரி பதவிமேல் ரொம்ப நாளாய்க் கண் வைத்திருந்த வில்லவராயர் எழுந்தார். "ராசா ஒருவர், வானம் ஒன்று, ஊர் மட்டும் வேறு வேறா? எல்லாம் நம் தலைநகர் மாதிரியேதான். மந்திரி கதை விடுகிறார்."

"போய்ப் பார்த்துவிடுவோம். மந்திரி சொன்னது பொய்யென்றால் பதவி ராயருக்கு" என்றான் ராசா.

ராசா முன்னால் செருப்புப் போடக் கூடாது, மேல்துண்டை இடுப்பில்தான் கட்டவேண்டும் என்பது அரண்மனை வழக்கம். மாறநம்பியோ பயணத்துக்குச் செருப்பும் கம்பளியும் போட அனுமதி கேட்டு வாங்கிக்கொண்டார்.

ராயருக்குச் சிரிப்பு. "வேறு வேறு என்பவருக்குத்தான் வேறு உடுப்பு. எனக்கு அரண்மனை வழக்கமே போதும்." வெற்று மார்பில் சந்தனத்தை அப்பிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வடக்கு மணலில் ராயர் நண்டு மாதிரி தாவித் தாவி ஓடினார்.

"என்ன ராயரே, துள்ளல்?" பல்லக்குத் திரைக்குள்ளிருந்து ராசாவின் தூக்கக் குரல்.

"தங்களோடு வரும் சந்தோஷம் மகாராசா."

"ஊர் எப்படி?"

"தலைநகர் மாதிரியேதான்."

குறட்டை.

மழைக்காட்டில் முழங்கால்வரை அட்டை. ராயர் ஒற்றைக் காலில் பம்பரமாய்ச் சுற்றினார்.

"இதுவும் சந்தோஷமா?"

"இது கொஞ்சம் கூடுதல் சந்தோஷம் மகாராசா."

மலை உச்சியில் ராயரின் பல் தாளம் போட்டது. "நடுங்குகிறீரே?" என்றால், "ப... ப... பக்தி மகாராசா."

ராசா சாப்பிட எழுந்தான். "ஆக, எல்லாம் ஒன்றுதான். மாறநம்பி, முத்திரை மோதிரத்தைக் கழற்றும்."

மந்திரி கழற்றிக் கொடுத்தார். "ஒரு வேண்டுகோள் மகாராசா. ராயருக்கு இந்த மலையில்தான் பக்தி பொங்குகிறது. எல்லா இடமும் ஒன்றுதானே, புது மந்திரி இங்கேயே, இதே உடுப்பில் இருந்து வேலை பார்க்கட்டும்."

"அருமை. அப்படியே ஆகட்டும்."

ராயர் தொப்பென்று காலில் விழுந்தார். "மகாராசா, இந்தக் குளிரில் விடிவதற்குள் விறைத்துப்போவேன்."

"சரி, மழைக்காட்டில் இரும்."

"அங்கே அட்டை உறிஞ்சி என்னைச் சக்கையாக்கிவிடும்."

"அப்படியானால் வடக்கே போம்."

"பாதம் அப்பளமாய்ப் பொரிந்துவிடும் மகாராசா. தலைநகருக்கே கூட்டிப்போங்கள். அது மாதிரி ஊர் இந்தத் தீவில் வேறு எங்கேயும் கிடையாது."

ராசா சோற்றுக் கையோடு புரையேறும்வரை சிரித்தான். "மந்திரி வாயால் சொன்ன தீவை ராயர் தோலால் சொல்லிவிட்டாரே."

கையைக் கழுவி, மோதிரத்தைத் தானே மந்திரி விரலில் போட்டான். திரும்பிப் பார்த்தால் மலைக்குக் கீழே மேகம். "அட" என்று வாய் பிளந்தவன், இனி நடந்தேதான் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தான்.

அப்புறம் பல்லக்குத் திரையை விலக்கிவிட்டு, "ஏறிப் படும் ராயரே. உள்ளேயிருந்து பார்த்தால் தீவு முழுக்க ஒரே மாதிரிதான் இருக்கும். இத்தனை வருசமாய் நானும் அப்படித்தானே பார்த்தேன்" என்றான்.