தாமரை இல்லாத ஏரி

மலைக்கே வியர்த்துப்போன ஒரு கோடை முன்னொரு காலத்தில் வந்ததாம். அடிவாரக் காட்டுக் குட்டையில் சேறுதான் மிச்சம். அந்தக் காட்டில் ஒரு நரி இருந்தது. மலைமேலே வற்றாத ஏரி ஒன்று உண்டு என்று வரையாடுகள் பேசிக்கொண்டதை அது புதர் மறைவில் ஒட்டுக்கேட்டது. கேட்டதோடு விட்டதா? தானே போய்ப் பார்த்துவிட்டு வந்ததாகக் காடெல்லாம் சொல்லித் திரிந்தது.

பன்றியும் ஆமையும் வந்து வழி காட்டச் சொல்லிக் கெஞ்சின. ‘அண்ணே’ என்று வேறு கூப்பிட்டுவிட்டன. நரியால் மறுக்க முடியவில்லை.

யானைகள் நடந்து தேய்த்த தடம் ஒன்று மேலே போனது. அதைப் பிடித்துக்கொண்டு நரி முன்னால் நடந்தது. பன்றி முதுகில் சவாரி வந்த ஆமை, ஏரி எப்படி இருக்கும் என்று துருவித் துருவிக் கேட்டது. நரிக்குத் தெரிந்ததெல்லாம் அடிவாரக் குட்டைதான். அதனால் கரை கொள்ளாத தாமரை என்றது. இலைக்கு ஒரு கொக்கு என்றது.

ஏற ஏற மரங்கள் குறுகின. பிறகு வெறும் புல். நரிக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு பாறை இடுக்கைத் தாண்டியதும், எதிரே ஏரி! தெளிந்த, சில்லென்ற தண்ணீர். ஆனால் தாமரையும் இல்லை, கொக்கும் இல்லை. அந்தக் குளிரில் தாமரை எங்கே பூக்கும்?

நரி ஆவலாய்க் குனிந்தது.

“தாமரை எங்கே அண்ணே?” என்றது ஆமை.

நரி சட்டென்று நிமிர்ந்தது. இதுதான் ஏரி என்றால், தான் பார்த்ததாகச் சொன்னது பொய்யாகிவிடுமே.

“இது ஏதோ தேங்கின தண்ணி. நம்ம ஏரி இன்னும் மேலே இருக்கு. இதுல வாய் வைக்காதீங்க, நோய் வரும்.”

அதற்குள் பன்றி கழுத்தளவு இறங்கிவிட்டது. ஆமை அதன் முதுகிலிருந்து வழுக்கி நீந்தியே போய்விட்டது.

“நீங்க சொன்னா சரிதாண்ணே,” என்றது பன்றி, வயிறு முட்டக் குடித்துவிட்டு. “இது ஏரியே இல்லை. நீங்க உங்க ஏரிக்குப் போங்க. நாங்க இந்த நோய்த் தண்ணியிலேயே காலத்தைத் தள்ளிக்கறோம்.”

நரி தண்ணீரைப் பார்த்தது. அவை இரண்டும் தன்னையே பார்ப்பதையும் பார்த்தது. பிறகு வறண்ட நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு, வாலை நிமிர்த்தி, மொட்டைப் பாறையில் மேலே மேலே ஏறிப் போயே போய்விட்டது.

சொன்ன பொய்யைக் காப்பாற்ற நினைப்பவன், ஏரிக்கரையிலும் தாகத்தோடுதான் நடக்க வேண்டும்.