வெள்ளிக்கிழமை கரண்ட்

கண்ணபிரானுக்குத் தலை நரைத்துவிட்டது. இருந்தும் வெள்ளிக்கிழமை காலை ஆனால் சவரிமுத்து அண்ணாச்சி ஞாபகம் வந்துவிடும். டீசல் வாடை மூக்கில் ஏறினால் போதும், மனுஷர் பக்கத்தில் நிற்கிற மாதிரியே இருக்கும். அந்த நாளெல்லாம் இனி வருமா?

திருநெல்வேலிப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. கரண்ட் பொறுப்பு முழுக்க அண்ணாச்சிக்கு. கண்ணபிரான் அவரிடம் வேலை பழக வந்தவன். வாராவாரம் வெள்ளிக்கிழமை, டாக்டர்கள் வார்டைச் சுற்றி முடித்ததும், நன்றாக வந்துகொண்டிருக்கும் கரண்டை அண்ணாச்சி வேண்டுமென்றே நிறுத்துவார். ஜெனரேட்டரைக் கிளப்பி, ஆஸ்பத்திரி மொத்தத்தையும் அதன் தலையில் மாற்றிவிடுவார். அதுவரை மூச்சு மெஷினில் இருப்பவர்களுக்கு நர்ஸுகள் கையால் பையை அமுக்கிக்கொண்டு நிற்பார்கள்.

வந்த புதிதில் கண்ணபிரான் கேட்டான்.

“ஜெனரேட்டரைச் சும்மா ஓட்டிப் பாத்தா போதாதா அண்ணாச்சி? ஒழுங்கா வர்ற கரண்டை நாம எதுக்குக் கெடுக்கணும்?”

“கல்யாண வீட்டுல அடுப்பு எரிஞ்சா மட்டும் போதுமாலே? அண்டாவைத் தூக்கி வச்சுப் பாக்கணும்லா.”

நாளாக நாளாக, சில வெள்ளிக்கிழமை மெயின் சுவிட்சை இறக்குகிற வேலை கண்ணபிரானுக்கே வந்தது.

ஒரு வாரம் அண்ணாச்சியின் மனைவி பிலோமினாவுக்கே ஆபரேஷன். வெள்ளிக்கிழமை வந்தபோது அவர் மூச்சு மெஷினோடு கிடந்தார்.

“இந்த வாரம் விட்ருவோம் அண்ணாச்சி. இன்ஜினை மட்டும் ஓட்டிப் பாப்போம். யாரு கேக்கப் போறா?”

அண்ணாச்சி வார்டுக்குப் போன் போட்டு, நர்ஸுகள் தயாரா என்று வழக்கம்போல விசாரித்தார். மெயினை இறக்கினார்.

ஜெனரேட்டர் இருமிவிட்டு அடங்கிப் போனது. கண்ணபிரான் மெயினைத் திரும்ப ஏற்றக் கை நீட்டினான்.

“பொறு.”

இரண்டாவது தடவை கிளம்பியது. அண்ணாச்சி சுவிட்சை மாற்றினார். விளக்குகள் எரிந்தன. வார்டிலிருந்து போன் வந்தது. பிலோமினாவுக்கு ஒன்றும் இல்லையாம். அதைக் கேட்ட பிறகுதான் அண்ணாச்சி உட்கார்ந்தார். சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. பாவமாக இருந்தது கண்ணபிரானுக்கு. கோபமும் வந்தது.

“உள்ள மதினி கெடக்கும்போது உங்களுக்கு எப்படி அண்ணாச்சி மனசு வந்துச்சு?”

“போன வாரம் மெயினை இறக்கினது நீதானலே. அதே கட்டில்ல அன்னைக்கு யாரு கெடந்தா?”

கண்ணபிரானுக்குத் தெரியவில்லை.