குழம்பு வாளி

நாச்சிமுத்து மௌன விரதம் தொடங்கி இருபது நாள் ஆகியிருந்தது. அந்த இருபது நாளில் மடத்தில் இருந்த மற்றவர்கள் எல்லாரும் களைத்துப்போயிருந்தார்கள்.

அவர் முப்பது வருஷம் டிரில் மாஸ்டராக இருந்தவர். ஒரு விசிலும் இரண்டு கைகளும் மட்டும் வைத்துக்கொண்டு ஐந்நூறு பிள்ளைகளை வெயிலில் நேர்க்கோட்டில் நிறுத்தியவர். வாயை மூடிக்கொண்டதும் கைகளுக்கு முழு நேர வேலை வந்துவிட்டது. தண்ணீர் வேண்டுமென்றால் சொடக்குப் போடுவார். வாசலில் செருப்பு கோணலாகக் கிடந்தால் செருப்பைக் காட்டி, விட்டவரைக் காட்டி, விட வேண்டிய இடத்தையும் காட்டுவார். புரியவில்லையென்றால் இரண்டு தரம் கை தட்டுவார். அப்போதும் புரியாவிட்டால் சிலேட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு போடுவார்.

சமையல்கட்டைப் பார்த்துக்கொள்ளும் பாவாத்தாள் மடத்துச் சாமியிடம் முறையிட்டாள்.

"வாத்தியார் வாயத் தொறந்து பேசுனா ஒரு வார்த்தையில முடிஞ்சுபோயிருமுங்க, சாமி. இப்ப நாலு பேரு அடுப்ப உட்டுப்போட்டு அர்த்தம் கண்டுபுடிக்கறோம். நேத்து உப்புக் கம்மின்னு சொல்றதுக்கு அவரு ஆடுன ஆட்டத்துல, பாம்பு வந்திருச்சுன்னு நெனச்சு நான் மேடை மேல ஏறிட்டனுங்க."

சாமிக்கு நாற்பத்திரண்டு வயது. நாச்சிமுத்துவைவிடப் பதினேழு வயது இளையவர். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

மறுநாள் நடந்தது சிரிக்கிற மாதிரி இல்லை. மத்தியான அன்னதானத்துக்கு வந்து, குழந்தைக்குக் கை கழுவிவிட்ட ஒரு பெண் குழாயைச் சரியாக மூடாமல் நகர்ந்தாள். நாச்சிமுத்து வழிமறித்தார். குழாயைக் காட்டினார். சொட்டுகிற நீரைக் காட்டினார். மழையில்லாத வானத்தைக் காட்டினார். கடைசியில் விரலால் தன் நெற்றியைத் தட்டிக் காட்டினார். இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் குழாயை மூடினாள், குழந்தையைத் தூக்கிக்கொண்டாள், சாப்பிடாமலே போய்விட்டாள்.

சாமி கூப்பிட்டனுப்பினார். நாச்சிமுத்து உட்காருவதற்கு முன்பே சிலேட்டில் எழுதி நீட்டினார். 'இருபத்தோரு நாள். ஒரு சொல்கூடப் பேசவில்லை.' அடியில் இரண்டு கோடு.

அது பொய் இல்லை. நாற்பத்தெட்டு நாள் விரதம் அது. அதைத்தான் அவர் மலைபோல நம்பியிருந்தார்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரே மகள் சுகந்தி புதுவீடு கட்டிக் குடிபோனாள். விருந்துப் பந்தியில், அத்தனை உறவுக்கும் நடுவே, மாடிப்படி குறுகல் என்றார் நாச்சிமுத்து. சமையலறை இருட்டு என்றார். மருமகனுக்குக் கொத்தனாரிடம் வேலை வாங்கத் தெரியவில்லை என்றார். எல்லாம் உண்மைதான். சுகந்தி அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் சொல்லவில்லை. போனையும் எடுக்கவில்லை. மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்ட வீட்டில் அவர் டி.வி. செய்திக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாம் இந்த வாயால் வந்தது என்று ஒருநாள் தோன்றியது. பையை எடுத்துக்கொண்டு மடத்துக்கு வந்தார்.

நாற்பத்தெட்டு நாள் பேசாமல் இருந்தால் வாய் அடங்குமா என்று சாமியிடம் கேட்டார். இருந்து பாருங்கள் என்றார் சாமி. அன்றே மகளுக்குக் கடிதம் போட்டார். நாற்பத்தெட்டாம் நாள் மத்தியானம் மடத்துக்கு வா, உன் அப்பன் வேறு ஆளாக இருப்பான் என்று எழுதினார். பதில் வரவில்லை.

சாமி சிலேட்டைப் படித்துவிட்டுப் பக்கத்தில் வைத்தார். எழுந்து சமையல்கட்டுக்குப் போனார். திரும்பி வரும்போது ஒரு கையில் குழம்பு வாளி இருந்தது, மறுகையில் கரண்டி.

"நாளையிலிருந்து பந்தியில குழம்பு நீங்கதான், ஐயா."

நாச்சிமுத்து இரண்டையும் வாங்கிக்கொண்டார். எத்தனை நாளைக்கு என்று கேட்க விரலை உயர்த்தப் போனார். விரல்கள் எல்லாம் வேலையாக இருந்தன.

முதல் நாள் அவருக்குப் பெரும்பாடு. ஒருவர் இலையைத் துடைக்காமல் உட்கார்ந்திருந்தார். ஒருவர் வரிசையை விட்டு அரையடி முன்னால் வந்திருந்தார். சொடக்குப் போடக் கை இல்லை. புருவத்தை உயர்த்திப் பார்த்தார், யாரும் கவனிக்கவில்லை. பசியோடு இலை முன்னால் இருப்பவர் பரிமாறுகிறவர் முகத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை என்பது ஐம்பத்தொன்பது வயதில்தான் அவருக்குத் தெரிந்தது. ஆளுக்கு ஒரு கரண்டி என்று அணிவகுப்பு மாதிரி ஊற்றிக்கொண்டே போனார்.

பந்தி முடிந்ததும் பாவாத்தாள் இலைகளைக் காட்டினாள். சில இலைகளில் குழம்பு வழிந்து தரைக்கு ஓடியிருந்தது. சில இலைகளில் சோறு காய்ந்து கிடந்தது.

"எல்லாத்துக்கும் ஒரே மணி அடிக்கறதுக்கு இது பள்ளிக்கோடமுங்களா?" என்றாள்.

வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கையாலாவது பதில் சொல்லியிருக்கலாம். அது அவருக்குத் தோன்றவில்லை. இலைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அதன் பிறகு கைகளைப் பார்க்கத் தொடங்கினார். ஒரு லாரி டிரைவர் குழம்பு வருவதற்கு முன்பே சோற்றில் குழி பறித்து வைத்திருந்தார். அந்தக் குழி எவ்வளவோ அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது. வயதான ஒருவர் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பிசைகிற வேகம் மட்டும் குறைந்தது. கல்லூரிப் பெண் ஒருத்தி போதுங்க என்று இலையைக் கையால் மறைத்தாள். ஆனால் விரல்கள் விரிந்திருந்தன. நாச்சிமுத்து அரைக் கரண்டியோடு சற்று நின்றார். கை தானாக விலகியது. அன்று சாயங்காலம் வரைக்கும் அவருக்குள் ஒரு சந்தோஷம் இருந்துகொண்டே இருந்தது.

விரல்கள் சேர்ந்து, கை அசையாமல் இருந்தால் நிஜமாகவே போதும். அங்கே நிற்கக் கூடாது, அடுத்த இலைக்குப் போய்விட வேண்டும். இது புரிய அவருக்குப் பத்து நாள் ஆனது. முப்பது வருஷம் ஆயிரம் கைகளை ஒரே நேரத்தில் தூக்க வைத்தோமே, அதில் ஒரு கையையாவது பார்த்தோமா என்று யோசித்துக்கொண்டே வாளியைத் தேய்த்துக் கவிழ்த்தார்.

வாத்தியார் இருக்கிற சத்தமே இப்போது தெரிவதில்லை என்று பாவாத்தாள் சாமியிடம் சொன்னாள். அவள் குரலில் கொஞ்சம் குறையும் இருந்தது.

நாற்பத்தெட்டாம் நாள் மத்தியானம், இரண்டாம் பந்தியில் சுகந்தி உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் மருமகன், மறுபக்கம் நாலு வயதுப் பேத்தி.

நாச்சிமுத்து தூரத்திலேயே பார்த்துவிட்டார். ஆனாலும் வரிசைப்படியே வந்தார். பேத்தி இலையில் தண்ணீரைக் கொட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். மருமகன் இடது கையில் போனைப் பிடித்துப் பார்த்தபடி சோற்றில் கை வைத்திருந்தார். நாக்கின் நுனிக்கு ஒரு வாக்கியம் முழுதாக வந்து நின்றது. வாளி கனத்தது. வாக்கியம் வந்த வழியே இறங்கிப் போனது. மருமகனின் சோற்றில் இருந்த குழியைப் பார்த்து, நிறைய ஊற்றினார்.

சுகந்தி இலைமேல் கையை வைத்திருந்தாள். விரல்கள் சேர்ந்திருந்தன. கை அசையவில்லை.

அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது போதும் என்றால், இன்னொரு கரண்டி போட்டுச் சாப்பிடு என்று அதட்டுவார். அவள் சொன்ன எந்த வேண்டாமும் அவர் காதில் ஏறியதாக நினைவில்லை.

கரண்டியை வாளியிலேயே வைத்துக்கொண்டு அடுத்த இலைக்கு நகர்ந்தார். பின்னால் யாரோ நிமிர்ந்து பார்ப்பது போலிருந்தது. அவர் திரும்பவில்லை.

வரிசை முடிந்து மறுபடியும் வந்தபோது அவள் கை மடியில் இருந்தது. வெறும் சோறு இலையில் அப்படியே இருந்தது. நாச்சிமுத்து அரைக் கரண்டி ஊற்றினார். அவள் நிமிரவில்லை. பிசைந்து சாப்பிடத் தொடங்கினாள்.

பந்தி எழுந்ததும் சாமி துளசித் தீர்த்தம் கொடுத்து விரதத்தை முடித்துவைத்தார். மருமகன் குழந்தையோடு கார்ப் பக்கம் போயிருந்தார். சுகந்தி மட்டும் வேப்பமரத்துக்குக் கீழே நின்றாள். அவள் போகவும் இல்லை, வரவும் இல்லை.

நாச்சிமுத்துவுக்குச் சொல்ல நிறைய இருந்தது. நாற்பத்தெட்டு நாளும் மனதுக்குள் சொல்லிப் பார்த்து, திருத்தி, வரிசைப்படுத்தி வைத்திருந்தார்.

"சாமி," என்றார். குரல் அவருக்கே வேறு யாருடையதோ போலக் கரகரத்தது. "அவகிட்ட மொதல்ல எதைச் சொல்லட்டுங்க?"

சாமி மரத்தடியைப் பார்த்தார்.

"உங்க விரதம் நாப்பத்தெட்டு நாளுங்க, ஐயா. அவங்களோடது ரெண்டு வருஷம். மொதல்ல அவங்க முடிக்கட்டும்."