தவசியின் மாலை

உலகம்மை ஆசிரமத்துக்குத் திரும்பிய அன்று வாசலில் அவரை யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் நாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆடி மாதம் அவர் வடக்கே யாத்திரை புறப்பட்டபோது அது குட்டி. பஞ்சு போல அடர்ந்த வெள்ளை முடி. யாரோ அட்டைப்பெட்டியில் வைத்து ஆற்றங்கரையில் விட்டுப் போனது. அவர் புறப்படுகிற அவசரத்தில் இருக்க, அது அவருடைய ஒற்றைச் செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடியது. பாதி ஆசிரமம் அதன் பின்னால் ஓடியது.

இப்போது தை பிறந்துவிட்டது. நாய் வளர்ந்திருந்தது. தியான மண்டபத்து வாசலில், பட்டு விரித்த மணையின் மேல், முன்கால்களை நீட்டிப் படுத்திருந்தது. நெற்றியில் திருநீறு. கழுத்தில் கனமான சம்பங்கி மாலை. நேராக எதிரே பார்த்துக்கொண்டிருந்தது.

கூட்டத்தில் ஒரு பெண் தன் மகளிடம், "எப்படி இருக்குது பாரு. நீயும் இருக்கியே, ஒரு நிமிசம் அடங்கி உக்காருவியா?" என்றார்.

மகள் நாயைப் பார்த்துக் கைகூப்பினாள்.

அம்பலவாணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து உலகம்மையை வணங்கினார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். தன் குருவான அவரைவிட வயதில் மூத்த சீடர். உலகம்மை இல்லாத மாதங்களில் ஆசிரமப் பொறுப்பு அவரிடம் இருந்தது.

"அம்மா, ‘இந்த வாலை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க’ என்று சிரித்துவிட்டுப் போனீர்கள். இதோ என் பதில்," என்றார்.

பிறகு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். குச்சி எடுக்கவில்லை. அதட்டவில்லை. ஒரே இடம், ஒரே நேரம், தாழ்ந்த குரல், பொறுமை. அவ்வளவுதான் அவருடைய முறை. புரட்டாசியில் குரைப்பது குறைந்தது. ஐப்பசியில் நின்றுபோனது. அணில் ஓடினாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. தவசி என்று பெயர் வைத்தார். ஏகாதசிக்கு அது சாப்பிடவில்லை. பிறகு மற்ற நாட்களிலும் கஞ்சியை நக்குவதோடு சரி. சமையல்கட்டில் கவலைப்பட்டார்கள். விரதம், தொந்தரவு செய்யாதீர்கள் என்று சொல்லிவைத்தார். பஜனை நேரத்தில் அதன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிகிறது. அதை யாரோ செல்போனில் படம் எடுத்து அனுப்ப, அன்றிலிருந்து இந்தக் கூட்டம்.

நாளை குருபூஜை. மேடையில், ஆசிரமத்தை நிறுவிய பெரியவர் படத்துக்குப் பக்கத்தில் தவசியை உட்காரவைக்க அனுமதி வேண்டும். அவர் கேட்டது அதுதான். மேடை தயாராக இருந்தது. கோலமும் போட்டாகிவிட்டது.

உலகம்மை தோள்பையைக் கீழே வைத்தார்.

"அது எதையாவது திருடுதா ஐயா?"

"திருடுவதில்லை அம்மா."

"புதுசா யாராவது வந்தா?"

"எத்தனை பேர் வந்தாலும் சரி. சத்தமே கிடையாது."

"வாலை ஆட்டுதா?"

அம்பலவாணன் புன்னகைத்தார். "ஆசை இருந்தால்தானே அம்மா வால் ஆடும்."

கூட்டத்தில் சிலர் அதை ரசித்துச் சிரித்தார்கள். உலகம்மை சிரிக்கவில்லை.

"விளையாடுதா?"

"அதையெல்லாம் கடந்துவிட்டது."

"ஒரு வயசுகூட ஆகலையே ஐயா அதுக்கு. அதுக்குள்ள எப்படிக் கடந்துச்சு?"

அம்பலவாணன் இதை எதிர்பார்த்திருந்தார். வயது உடம்புக்குத்தான், உயிருக்கு ஏது வயது என்றார். பால் மணம் மாறாத பிள்ளைகள் ஞானம் பெற்றதை நம்புகிறோமே, இதை மட்டும் ஏன் நம்பக் கூடாது? நாய் என்பதாலா? எல்லா உயிரும் ஒன்று என்று இதே மண்டபத்தில் உலகம்மை பேசவில்லையா? அப்படியானால் அது பேச்சுக்கு மட்டும்தானா?

"பேசினேன்," என்றார் உலகம்மை. "அதைக் கூப்பிடுங்க."

"தவசி, வா."

நாய் எழுந்தது. பின்கால்கள் முதலில், முன்கால்கள் பிறகு. தலை நிமிரவில்லை. சின்னச் சின்ன அடியாக எடுத்துவைத்து அம்பலவாணனின் காலடிக்கு வந்து மோவாயைத் தரையில் வைத்தது. பக்கத்தில் உலகம்மை நிற்பதைப் பார்க்க அது கழுத்தைத் திருப்பவில்லை. முழு உடம்பையும் திருப்பியது, குறுகிய சந்தில் வண்டியைத் திருப்புவது போல.

"பார்த்தீர்களா, பணிவு," என்றார் அம்பலவாணன் மெதுவாக.

உலகம்மை தரையில் உட்கார்ந்தார். முகத்தை நாயின் முகத்துக்கு அருகே கொண்டுபோனார். சட்டென்று நிமிர்ந்தார்.

"மாலையைக் கழட்டுங்க."

"கழற்றுவதில்லை அம்மா. பழையதன் மேலேயே புதியதைப் போட்டுவிடுவோம். கழற்றப்போனால் அதற்குப் பொறுப்பதில்லை. நடுங்குகிறது."

"நடுங்குதா?"

"பக்தியில்."

உலகம்மை தானே கழற்றினார். கீழே இன்னொரு மாலை இருந்தது, பழுப்பேறி. அதற்கும் கீழே சந்தனம், காய்ந்து வெடித்து, அடை அடையாக. அதைப் பெயர்த்ததும் வாடை வந்தது. மண்டபத்து ஊதுவத்தியை மீறிக்கொண்டு வந்தது. மகளோடு வந்திருந்த பெண் மகளின் மூக்கைத் தன் முந்தானையால் பொத்தினார்.

உலகம்மை இரண்டு விரல்களால் முடியை விலக்கினார்.

அங்கே தோல் இல்லை. கழுத்தைச் சுற்றி ஒரு பள்ளம் ஓடியது. பள்ளத்துக்குள் கருப்பாக மணிகள். சில மணிகளை மூடிச் சதை வளர்ந்திருந்தது. கழற்றிப் போட்ட மாலையின் பூ ஒன்றில் ஏதோ நெளிந்தது. பூவும் வெள்ளை, நெளிந்த புழுவும் வெள்ளை.



"யார் கட்டினது?"

"நான்," என்றார் அம்பலவாணன். "ருத்திராட்சம், அம்மா. நீங்கள் புறப்பட்ட மறுநாள். தீட்சை மாதிரி இருக்கட்டும் என்று. அறுந்துவிடக் கூடாதே என்று நைலான் கயிற்றில்..."



"அப்புறம் எப்ப அவிழ்த்துப் பாத்தீங்க?"

இந்த மாதங்களில் அம்பலவாணன் அதை அவிழ்க்கவே இல்லை. மணைக்கு அளவு எடுத்தார். பட்டுக்கு அளவு எடுத்தார். பஜனைக்கு நேரம் குறித்தார். குட்டி வளரும் என்பது, வாழ்நாளெல்லாம் பிள்ளைகள் வளர்வதைப் பார்த்த ஒரு மனிதருக்குத் தோன்றவே இல்லை. அந்த மண்டபத்தில் தினமும் எத்தனை பேர் அதை விழுந்து கும்பிட்டார்கள். அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

டவுனிலிருந்து கால்நடை மருத்துவர் பைக்கில் வந்தார். இளைஞர். மண்டபத்துப் பின்கட்டில் பாய் விரித்து நாயைப் படுக்கவைத்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டார். கயிற்றை வெட்டினார். மணிகளை ஒவ்வொன்றாகச் சதையிலிருந்து எடுத்து எவர்சில்வர் தட்டில் போட்டார். ஒவ்வொரு மணியும் விழுகிற சத்தம் கேட்டது.

கை வேலையில் இருக்க, வாய் பேசிக்கொண்டிருந்தது. நல்லவேளை இப்போதாவது பார்த்தீர்கள் என்றார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கயிறு மூச்சுக்குழாய்க்குப் போயிருக்கும். இத்தனை நாளும் குரைக்க முடிந்திருக்காது. முழுங்க முடிந்திருக்காது. கழுத்தைத் திருப்பினால் உயிர் போகிற வலி, அதனால் ஆடாமல் அசையாமல் கிடந்திருக்கும்.

அம்பலவாணன் சுவரோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "கண்ணில் தண்ணீர் வருமே டாக்டர்?" என்றார்.

மருத்துவர் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார். "வலி சார்."

"பஜனை நேரத்தில் மட்டும்..."

"அந்தச் சத்தத்துக்கு எழுந்து ஓடணும்னு இருந்திருக்கும். ஓட முடியல. வேற என்ன பண்ணும்?"

கூட்டம் கலையவில்லை. பின்கட்டு வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. இப்பவும் பாருங்க, ஒரு முனகல் உண்டா என்று ஒருவர் மெய்சிலிர்த்தார். இன்னொருவர், பட்டுக்கரை வேட்டி, அம்பலவாணனின் பக்கத்தில் வந்து குனிந்து, இரண்டு கைகளையும் ஏந்தினார்.

"அந்த ருத்திராட்சத்தில ஒண்ணே ஒண்ணு கிடைக்குமா ஐயா? பூஜை ரூம்ல வெச்சுக்கிடுதேன்."

தட்டில் மணிகள் ரத்தமும் சீழுமாகக் கிடந்தன.

அம்பலவாணன் அந்த மனிதரின் ஏந்திய கைகளைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். பிறகு கத்தினார். ஆசிரமத்தில் அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. என்ன சொல்லிக் கத்துகிறார் என்பதுகூட முதலில் யாருக்கும் புரியவில்லை. வெளியே போங்கள் என்கிறார் என்று பிறகுதான் புரிந்தது. கைகளை வீசிக்கொண்டு, மூச்சு இரைக்க, அத்தனை பேரையும் வாசல் வரைக்கும் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

மறுநாள் குருபூஜைக்கும் அந்தக் கதவு திறக்கவில்லை.

அன்று மாலை அவர் துணிப்பையோடு உலகம்மையின் முன்னால் வந்து நின்றார். "என்னை அனுப்பிவிடுங்கள் அம்மா."

"நாய்க்கு யார் கஞ்சி குடுக்கிறது?"

அம்பலவாணன் பையைக் கீழே வைத்தார்.

கஞ்சி கொடுத்தார். புண்ணைக் கழுவினார். மருந்து தடவினார். முதலில் நாய் எதையும் பொறுத்துக்கொண்டு கிடந்தது. அந்தப் பொறுமையைப் பார்க்க அவருக்குப் பயமாக இருந்தது. ஒரு காலையில் அவர் கையை நீட்டியபோது அதன் தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. கையை இழுத்துக்கொண்டு நேராக உலகம்மையிடம் போனார்.

"என்னைப் பார்த்து உறுமுகிறது அம்மா."

"நல்லாக் கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"போய் இன்னொரு தடவை கேளுங்க."

போனார். உறுமியது. பல்லையும் காட்டியது. அவர் அங்கேயே, அதற்கு எட்டாத தூரத்தில், மருந்துக் குப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அது உறுமுவதை நிறுத்தும் வரை உட்கார்ந்திருந்தார்.

மாசி போய்ப் பங்குனி வந்தது. தழும்பைச் சுற்றி முடி முளைத்தது. தவசி என்று யாரும் கூப்பிடவில்லை. அம்பலவாணன் ‘டேய்’ என்றார், அதுவே பெயராகிவிட்டது. டேய் தியான நேரத்தில் குரைத்தது. தபால்காரரை ஆற்றுப்பாலம் வரை விரட்டியது. மைக் வயரைக் கடித்துத் துப்பியது. இப்படியே விட்டால் இது ஆசிரமமா, சந்தைக்கடையா என்று மற்ற சீடர்கள் அம்பலவாணனிடம் புகார் சொன்னார்கள். நாயைப் பழக்குவதில் உங்களை மிஞ்ச ஆள் உண்டா ஐயா என்று ஒருவர் குத்திக்காட்டினார். அவர் பேசாமல் புது வயர் வாங்கி வந்தார்.

ஒரு மத்தியானம் அவர் உலகம்மையின் அறைக்கு ஓடிவந்தார். மேல்துண்டு எங்கோ விழுந்திருந்தது.

"அம்மா, அது படுத்துவிட்டது. அசையவே இல்லை."

உலகம்மை வாசித்துக்கொண்டிருந்ததை மூடினார். அம்பலவாணன் நின்றபடியே சொல்லிக்கொண்டு போனார். கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டார். காதுக்குள் பார்த்தார். பாதங்களைப் பிரித்து முள் இருக்கிறதா என்று தேடினார். வாயைத் திறந்து பார்த்தார். காலையில் வைத்த சோறு மிச்சமில்லை. எங்கேயும் ஒன்றும் இல்லை. 

"எனக்கு வித்தியாசம் தெரியவில்லை அம்மா. அன்றைக்கும் சத்தமில்லாமல் கிடந்தது. இன்றைக்கும் சத்தமில்லாமல் கிடக்கிறது. வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதானே? நான் பார்த்ததை இனி நான் நம்பமாட்டேன். எப்படித் தெரிந்துகொள்வது?"

உலகம்மை எழுந்து வெளியே வந்தார்.

கிணற்றடி வேம்பின் நிழலில் நாய் கிடந்தது. மல்லாந்து, நான்கு கால்களும் நான்கு திசையில். நாக்கு ஓரமாகத் தொங்கியது.

"கூப்பிடுங்க," என்றார் உலகம்மை.

"டேய்."

காது மட்டும் அசைந்தது.

"டேய். இங்கே வா."

நாய் ஒரு கண்ணைத் திறந்தது. அம்பலவாணனைப் பார்த்தது. வால் ஒரு முறை தரையைத் தட்டியது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, அவருக்கு முதுகைக் காட்டிப் புரண்டு படுத்து, நீளமாக ஒரு மூச்சு விட்டது.

அம்பலவாணனின் முகம் வெளிறியது.

"வரவில்லையே அம்மா."

"வர மாட்டேன்னு சொல்லுது," என்றார் உலகம்மை. "நல்லா இருக்கு."