கூட்டத்துக்கு முந்தின நாள்

எழுத்தாளர் இளம்பரிதிக்கு எழுபத்திரண்டு வயது. மனைவி இறந்த பிறகு பல வருஷம் தனியாக இருந்தவர், அறுபத்தெட்டு வயதில் ரெஜினாவைத் துணையாக ஏற்றுக்கொண்டார். ரெஜினா அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், கணவனை இழந்தவர். கல்யாணம், மாலை எதுவும் இல்லை. ஒரே வீடு, ஒரே அடுப்பு. தெரு கொஞ்ச காலம் பேசிவிட்டு ஓய்ந்தது.

ஒருநாள் காலையில் இருவரும் ஒரு பெட்டியோடு மலையடிவாரத்து மடத்துக்கு வந்தார்கள். மடத்து அடிகள் இளம்பரிதியைவிட வயதில் இளையவர். கடவுள் இல்லை என்று எழுதிய மனிதர் அடிகளின் முன்னால் மட்டும் கைகட்டி உட்காருவார். அடிகளும் அவரிடம் கடவுளைப் பற்றிப் பேசியதில்லை.

"பத்து நாள் இங்கே தங்கிக்கொள்ளலாமா சாமி?"

"தங்குங்கள். உடம்புக்கு ஏதாவது?"

"உடம்பு நன்றாக இருக்கிறது. நாளைக்கு ஊரில் ஒரு கூட்டம். நான் அங்கே இருக்கக் கூடாது."

ஆற்றில் மணல் அள்ளுவதை எதிர்த்துப் பேசிய மலர்க்கொடி என்ற பள்ளி ஆசிரியையைப் போலீஸ் பிடித்து உள்ளே வைத்திருந்தது. அவளுக்காகக் கண்டனக் கூட்டம். இளம்பரிதிதான் தலைமை தாங்க வேண்டும் என்று ஊர்க்காரர்கள் அவரைத் தெருவில் பார்த்துக் கேட்டிருந்தார்கள். பிடித்துப் போட்ட ஆட்சி வேறு யாருடையதும் அல்ல. எந்தக் கட்சிக்காக அவர் இளமையில் ஊர் ஊராகத் தொண்டை வறளப் பேசினாரோ, அந்தக் கட்சியினுடையது.

"ரெஜினா வெளியே போயிருந்தபோது கட்சிக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார்" என்றார் இளம்பரிதி. "காபி குடித்தார். 'வயசான காலத்துல உங்களுக்கு எதுக்கு ஐயா அலைச்சல், அம்மா வேற கூட இருக்காங்க' என்று சொல்லிவிட்டுப் போனார்."

"மிரட்டினாரா?"

"இல்லை. அக்கறையாகத்தான் சொன்னார். அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் இல்லை."

அடிகள் தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினார்.

"நான் மேடை ஏறினால் இவள் பெயரை இழுப்பார்கள் சாமி. தாலி கட்டாமல் ஒரே வீட்டில் இருக்கிறார்கள் என்று எழுதுவார்கள். இப்போதுதான் அந்த வீட்டுக்குள் ஒரு மனுஷக் குரல் கேட்கிறது. அதைக் காப்பாற்றிக்கொள்வது தப்பா?"

 அடிகள் கிணற்றடியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த ரெஜினாவைக் கூப்பிட்டார். ரெஜினா முறத்தோடு வந்து உட்கார்ந்தார்.

"அம்மா, இவரை முதலில் எங்கே பார்த்தீர்கள்?"

"எங்க ஸ்ட்ரைக்குல சாமி. நர்சுங்க எல்லாரும் ஆஸ்பத்திரி வாசல்ல உட்கார்ந்திருந்தோம். அப்பவும் இவங்க கட்சிதான் ஆட்சி. ஒருத்தரும் எட்டிப் பார்க்கல. சார் மட்டும் மழையில வந்து உட்கார்ந்தாங்க."

"என்ன பேசினார்?"

"ஒண்ணும் பேசல. எங்களோட நனைஞ்சாங்க."

"இப்போது எப்படி இருக்கிறார்?"

ரெஜினா இளம்பரிதியைப் பார்த்தார். இளம்பரிதி தலை குனிந்தார்.

"கொஞ்ச நாளா பேப்பரைக்கூடப் பிரிக்கறதில்ல சாமி. சோறு வச்சா சாப்பிடறாங்க. மாத்திரை கொடுத்தா போட்டுக்கறாங்க. என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லங்கறாங்க. நான்தான் ரேடியோவோட பேசிக்கிட்டிருக்கேன்."

"நாளைக்கு நடக்கிற கூட்டம் தெரியுமா?"

"என்ன கூட்டம்?"

இளம்பரிதி சொன்னார். கட்சிக்காரர் வந்துபோனதையும் சொன்னார். சொல்லச் சொல்லக் குரல் இறங்கிக்கொண்டே போனது. ரெஜினாவின் கை கீரைத்தண்டைக் கிள்ளுவதை நிறுத்தியது.

"எம் பேர் கெட்டுடும்னா இங்க வந்தோம்?"

ரெஜினா முறத்தைத் தரையில் வைத்தார்.

"பேருக்குப் பயந்தவளா இருந்தா, பெட்டியைத் தூக்கிக்கிட்டு உங்க வாசல்ல வந்து நின்னிருப்பேனா சார்? எம் மவன் அன்னைக்கு நிறுத்தின பேச்சு. இன்னைக்கு வரைக்கும் அம்மான்னு கூப்பிடல. ஒரு நாளாவது உங்ககிட்ட குறைப்பட்டிருக்கேனா?"

 ரெஜினா முறத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குத் திரும்பிப் போனார்.

 மலையில் வெயில் ஏறியது.

"சாமி" என்றார் இளம்பரிதி கடைசியில். "என்னையும் பிடித்து உள்ளே வைத்துவிட்டால், இந்த வயதில் அவள் தனியாகிவிடுவாளே."

அடிகள் கிணற்றடியைப் பார்த்தார்.

"இப்போது மட்டும் யாரோடு இருக்கிறார்?"